குனிந்தால் கை தரையைத் தொடாதவர் யோகா தொடங்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எனக்கு வயது 43. கணினி முன் 9 மணி நேர வேலை. இரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி இருக்கிறது. எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர், பயப்படும்படி ஒன்றுமில்லை, உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். யோகா செய்தால் உண்மையில் என்ன பயன் கிடைக்கும்? குனிந்தால் என் கை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. என்னைப் போன்றவர் எங்கிருந்து தொடங்குவது? 68 வயதான என் அம்மாவும் செய்யலாமா?"

உங்கள் கை எங்கே நிற்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு காரணத்தைச் சொல்லித்தான் பல ஆண்டுகள் தயங்கி நின்றிருக்கிறார்கள். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 200 சூத்திரங்கள் இருக்க, அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் உடல் எவ்வளவு வளைய வேண்டும் என்ற பேச்சே இல்லை, இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லப்படும் இலக்கணம். நம் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கொண்ட யோகத்தை விரிவாகப் பாடும்போது, இரு பாதங்களையும் எதிர்த் தொடைகளின் மேல் ஏற்றி அமரும் பத்மாசனத்தோடு சேர்த்து, சாதாரணமாகச் சம்மணமிட்டு அமரும் சுகாதனத்தையும் முதன்மையான ஆசனங்களின் வரிசையில் வைக்கிறார். ஆகவே கை தரையைத் தொடாதது யோகாவுக்குத் தகுதிக்குறைவு ஆகாது. உங்கள் உடல் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதி, 1888 முதல் 1989 வரை வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் என்ற ஒரே ஆசிரியரிடமிருந்து கிளை பிரிந்தது. மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்கு வேகமான, கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர் அவர், பின்னாளில் யோகாவை உலகெங்கும் கொண்டுசென்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அந்தக் காலத்து மாணவர்கள். 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த பிறகு அவரிடம் வந்தவர்களோ குடும்பஸ்தர்கள், நோயாளிகள், முதியவர்கள். அவர்களுக்கு அவர் ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் வயது, வேலை, நோய், மூச்சு ஆகியவற்றைப் பார்த்துப் பயிற்சியை மாற்றி மாற்றி அமைத்துக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாசார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கி அந்த முறையை நிலைநிறுத்தினார். நான் கற்றதும் பத்தொன்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருவதும் இந்த வழியில்தான். சர்வதேச யோகா தினமான ஜூன் 21 அன்று மைதானத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே ஆசனத்தைச் செய்வதைப் பார்த்து, அதுதான் யோகா என்று நினைத்துக்கொண்டு வருபவர்களிடம் முதல் நாளே நான் இந்த வரலாற்றைச் சொல்லிவிடுவேன். ஆசனத்துக்கு ஆள் பொருந்த வேண்டும் என்பதில்லை, ஆளுக்குத்தான் ஆசனம் பொருந்த வேண்டும்.

இனி பயன்கள். உங்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது இடுப்பு வலி என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்வோம். நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு, மாத்திரைக்குப் போகும் முன் முயல வேண்டியவற்றுள் ஒன்றாக யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்களின் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சேர்த்தது. அதே சமயம், பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2022-இல் புதுப்பிக்கப்பட்ட, காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு என்ன சொல்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகா செய்தவர்களுக்கு வலியும் அன்றாட இயக்கமும் சிறிதளவே மேம்பட்டிருந்தன, முதுகுக்கான பிற உடற்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை, சிலருக்கு யோகாவால் முதுகு வலி கூடியும் இருக்கிறது. யோகாவை நேசிக்கும் நான் இதை ஏன் எடுத்துச் சொல்கிறேன் என்றால், ஒரே மாதத்தில் வலி பறந்துவிடும் என்ற வாக்குறுதியை நம்பி வருபவர்தான் ஆறாவது வாரத்தில் நின்றுவிடுகிறார். மெதுவாக, சிறிது சிறிதாகக் கிடைக்கும் ஒன்றை எதிர்பார்த்து வருபவர் நிற்பதில்லை. நான் பார்த்த அளவில், முதலில் வலி குறைவதில்லை. காலையில் படுக்கையிலிருந்து எழும்போது இருந்த விறைப்பு குறைகிறது, பிறகு வலி வந்தாலும் சீக்கிரம் தணிகிறது, அதன் பிறகே வலி வரும் நாட்களின் எண்ணிக்கை குறைகிறது.

இரண்டாவது பயன் மூச்சின் வழியாக வருவது, மற்ற உடற்பயிற்சிகளிலிருந்து யோகாவைப் பிரித்துக் காட்டுவதும் இதுதான். சும்மா இருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமெடுக்கிறது, வெளியே விடும்போது சற்று மெதுவாகிறது; மணிக்கட்டில் விரலை வைத்து நிதானமாகப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு என்ற அளவுக்கு இறக்கும்போது, உடலை ஓய்வுக்குத் திருப்பும் வேகஸ் நரம்பின் ஆளுகை மேலோங்குகிறது. மாலை 7 மணிக்கு அலுவலகப் பரபரப்போடு வந்தவர், இருபது நிமிடம் கழித்துத் தோள் இறங்கி, தாடை தளர்ந்து உட்கார்ந்திருப்பதற்கு உடலியல் காரணம் இது. தூக்கம் கெட்டிருப்பவர்களுக்கு நான் கண்ட முதல் மாற்றமும் இங்கிருந்துதான் வருகிறது.

இவை தவிர, ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்களால் சமநிலை கூடுகிறது, கை ஊன்றும் ஆசனங்களால் தோளும் மணிக்கட்டும் வலுப்படுகின்றன. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஓரளவு கட்டுப்பட யோகா துணை செய்யும். ஆனால் துணை என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். யோகா ஆரம்பித்துவிட்டேன் என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாத்திரையின் அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. அதேபோல, நிதானமான ஆசனப் பயிற்சி நடைக்கு மாற்றாகாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னபடி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை. நீங்கள் யோகாவைத் தொடங்கினாலும் அந்த நடையை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கை ஏன் முழங்காலுக்குக் கீழே நின்றுவிடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் காயங்களைத் தவிர்த்துவிடலாம். தொடையின் பின்பக்கத் தசைகள், நாம் உட்காரும்போது நாற்காலியில் பதியும் அந்த எலும்பு முனைகளிலிருந்து புறப்பட்டு முழங்காலைத் தாண்டிக் கீழே போய்ப் பிடித்திருக்கின்றன. நாள் முழுவதும் முழங்காலை மடக்கியே உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தசைகள் நீள்வதற்கு வேலையே இல்லை. காலை நீட்டி வைத்துக் குனியும்போது அவை இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன, அது முன்னே சாய்வதில்லை. அப்போதும் விடாமல் கையைக் கீழே கொண்டுபோக முயன்றால், குனிய வேண்டிய இடுப்பு மூட்டு நின்றுவிட, கீழ்முதுகுதான் கூன் போட்டு வளைகிறது. அப்படி வளையும்போது முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்கின் முன்பக்கம் நசுங்கி, உள்ளிருக்கும் கூழ் போன்ற பகுதி பின்பக்கம், அதாவது நரம்பு இருக்கும் பக்கம், தள்ளப்படுகிறது. காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடிக்கும் பச்சிமோத்தாசனத்தைத் தொடக்கத்திலேயே விறைப்பாகச் செய்து முதுகைப் பிடித்துக்கொண்டு வருபவர்களின் கதை இதுதான். தீர்வு மிக எளிது: முழங்காலை மடக்குங்கள். முழங்கால் மடங்கியதும் பின்தொடைத் தசை தளர்ந்து இடுப்பெலும்பை விடுகிறது, முதுகு நீளமாக இருக்கும்போதே குனிய முடிகிறது. கால் நீட்டியிருக்க வேண்டும் என்பதைவிட முதுகு நீண்டிருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

முழங்கால் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். எனக்கு 23 வயதாக இருந்தபோது ஒரு முகாமில் பத்மாசனத்தில் உட்காரவைத்து, என் முழங்கால் தரையில் படியவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் தொடையைக் கையால் அழுத்தினார். முழங்காலின் உட்புறத்தில் ஏதோ பிசகியது போன்ற ஒரு சிறு ஒலி கேட்டது. அதன் பிறகு மூன்று மாதம் மாடிப்படி ஏறும் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால் கதவின் கீல் போன்றது, முன்னும் பின்னும் மடங்குவதற்கென்றே அமைந்தது. பத்மாசனத்துக்கு வேண்டிய சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அங்கே சுழற்சி இல்லாதபோது அழுத்தினால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலின் குருத்தெலும்பில் இறங்குகிறது. அன்று முதல் நான் யாருடைய உடலையும் கையால் அழுத்தி ஆசனத்துக்குள் தள்ளியதில்லை. உங்களை யாராவது அப்படி அழுத்த வந்தால், ஆசிரியர் என்ற மரியாதைக்காகக்கூட அனுமதிக்காதீர்கள்.

தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். வலி இடுப்போடு நில்லாமல் புட்டத்தின் வழியாகக் காலில் இறங்குகிறதா, பாதத்தில் மரத்துப்போகிறதா, கால் வலுவிழந்தது போலத் தோன்றுகிறதா? அப்படியானால் மீண்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்; சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரநிலை. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருப்பவர்கள் தாமாகத் தொடங்காமல் மருத்துவரிடம் கேட்டு, தெரிந்த ஆசிரியரிடம் நேரில் கற்க வேண்டும்.

இடமும் நேரமும் பெரிய விஷயமே இல்லை. ஒரு ஆள் கைகால் நீட்டிப் படுக்கும் அளவு தரை போதும். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும், அதனால் நின்று செய்யும் ஆசனங்களை வெறுந்தரையிலேயே செய்யுங்கள். படுத்துச் செய்பவற்றுக்கு இரண்டாக மடித்த ஜமக்காளம் போதும், ரப்பர் விரிப்பு பிறகு வாங்கிக்கொள்ளலாம். முழு உணவுக்குப் பின் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும், காபி குடித்திருந்தால் அரை மணி நேரம். அதிகாலை நல்லது என்பது உண்மைதான், ஆனால் உங்களைப் போல இடுப்பு விறைப்பு உள்ளவர்களுக்கு எழுந்தவுடன் உடல் மிகவும் இறுகியிருக்கும். எழுந்து அரை மணி நேரம் வீட்டு வேலை செய்துவிட்டோ, மாலையில் அலுவலகத்திலிருந்து வந்தோ செய்வதே ஆரம்பத்தில் எளிதாக இருக்கும். எந்த நேரமானாலும் அது தினமும் அதே நேரமாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட, வாரத்துக்கு ஐந்து நாள் இருபது நிமிடம் செய்வது பல மடங்கு மேல்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். முதல் ஆசனத்தைச் சற்று நெருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் இருக்கும் ஒரு விஷயம் கைவந்துவிட்டால் மற்றவை எல்லாம் அதன் விரிவுதான். மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடித்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்குத் தரையில் ஊன்றுங்கள், கைகள் உடலை ஒட்டிக் கிடக்கட்டும். மூக்கு வழியாக மூச்சை இழுக்கத் தொடங்கிய பிறகு கைகளை மெதுவாகத் தூக்கி, தலைக்குப் பின்னால் தரையை நோக்கிக் கொண்டுபோங்கள். மூச்சை விடத் தொடங்கிய பிறகு கைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முதலில் மூச்சு தொடங்க வேண்டும், பின்னர் கை தொடங்க வேண்டும். கை நின்ற பிறகுதான் மூச்சு முடிய வேண்டும். இவ்வளவுதான். ஐம்பதைக் கடந்த வங்கி ஊழியர் ஒருவர் முதல் நாள் இதைச் செய்தபோது, கை பாதி தூரம் போவதற்குள் அவருடைய மூச்சு முடிந்துவிட்டது. அவருக்குத் தெரியாமலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு புடைத்து நின்றது. "கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், மூச்சு எங்கே முடிகிறதோ அங்கேயே கையும் நிற்கட்டும்" என்றேன். அன்று அவருடைய கை காதருகே கூடப் போகவில்லை. ஏழாம் நாள் மூச்சும் கையும் ஒன்றாகத் தலைக்குப் பின்னால் தரையைத் தொட்டன. அந்த ஏழு நாட்களில் நான் அவருடைய தோளுக்கென்று தனியாக ஒன்றும் கற்றுத்தரவில்லை.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது ஓர் அளவுகோல். எந்த ஆசனத்திலும் மூச்சு நின்றாலோ, திணறினாலோ, வாய் திறந்து வாங்க வேண்டியிருந்தாலோ, நீங்கள் உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை பின்வாங்குங்கள். கண்ணாடியும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவரையும் பார்க்க வேண்டாம், மூச்சு போதும். நெஞ்சு விரியும் அசைவுகளுக்கு உள்மூச்சு, வயிறு ஒடுங்கும் அசைவுகளுக்கு வெளிமூச்சு என்பது பொது விதி.

கை தூக்குவதை 6 முறை செய்த பின், இரு முழங்கால்களின் மேல் இரு கைகளை வைத்து, மூச்சை விட்டபடி முழங்கால்களை வயிற்றை நோக்கி இழுத்து, மூச்சை வாங்கியபடி கைகள் நேராகும்வரை தள்ளுங்கள். இது அபானாசனம், 8 முறை. இடுப்பு வலிக்கு நான் ஒரே ஓர் ஆசனம்தான் சொல்லலாம் என்று கட்டுப்பாடு விதித்தால் இதைத்தான் சொல்வேன். அடுத்து, பாதங்களை மீண்டும் ஊன்றி, மூச்சை வாங்கியபடி இடுப்பை வலியில்லாத உயரம்வரை தூக்கி, விட்டபடி மேல்முதுகிலிருந்து ஒவ்வொரு கணுவாகத் தரையில் படியும்படி இறக்குங்கள், 6 முறை. பிறகு பக்கவாட்டில் திரும்பி எழுந்து, முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வையை வைத்து, நான்கு காலில் நிற்பது போல நில்லுங்கள். மூச்சை வாங்கியபடி நெஞ்சை முன்னே தந்து, விட்டபடி இடுப்பைக் குதிகால் நோக்கிக் கொண்டுபோய், நெற்றி தரையை நெருங்கும்வரை மடங்குங்கள். குதிகாலில் உட்கார முடியாவிட்டால் போகும் தூரம்வரை போதும். இதையும் 6 முறை செய்துவிட்டுக் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளைத் தோளருகே வைத்து, கையால் தள்ளாமல் முதுகின் பலத்தால் மட்டும் தலையையும் நெஞ்சையும் நான்கு விரல் உயரம் தூக்கி இறக்குங்கள். இது புஜங்காசனத்தின் தொடக்கம், 4 முறை போதும். படத்தில் பார்ப்பது போலக் கையை முழுக்க நீட்டி எழுந்தால் முதுகுத் தசைக்குக் கிடைக்க வேண்டிய வேலை கைக்குப் போய்விடும், வளைவெல்லாம் கீழ்முதுகின் ஒரே இடத்தில் வந்து குவியும். பின்னோக்கி வளைந்த எந்த ஆசனத்துக்குப் பிறகும் முன்னோக்கி மடங்கும் எளிய அசைவு ஒன்றைச் செய்வது வழக்கம், அதனால் ஒருமுறை அபானாசனத்துக்குத் திரும்பிவிட்டு எழுந்து நில்லுங்கள்.

நின்றபடி தாடாசனம்: மூச்சோடு கைகளை மேலே தூக்கும்போது குதிகாலையும் தூக்கி, விடும்போது இரண்டையும் இறக்குங்கள். அதன் பிறகு சுவரருகே நின்று, ஒரு கை சுவரைத் தொட்டபடி ஒரு பாதத்தை மற்றொரு காலின் கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ பொருத்தி, ஐந்து மூச்சு நில்லுங்கள். முழங்காலின் மேல் மட்டும் பாதத்தை அழுத்தாதீர்கள். பிறகு படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் ஓய்வாகக் கிடக்கும் சவாசனம். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இப்படி நாற்காலியில் கால் வைத்துப் படுப்பதுதான் கால் நீட்டிப் படுப்பதைவிட இதமாக இருக்கும். நேரமாகிவிட்டது என்று பலரும் விட்டுவிடுவது இந்த ஐந்து நிமிடத்தைத்தான், விடக்கூடாததும் இதுதான்.

முடிவில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி. சம்மணமிட்டால் முதுகு கூன் விழுகிறது என்றால், புட்டத்துக்கு அடியில் தலையணையோ மடித்த போர்வையோ வைத்து இடுப்பை முழங்காலைவிட உயர்த்திக்கொள்ளுங்கள், அதுவும் சிரமமென்றால் நாற்காலியில் உட்காருங்கள். மனத்துக்குள் நான்கு எண்ணி மூச்சை வாங்கி, ஆறு எண்ணி விடுங்கள், 12 முறை. எண்ணிக்கை சிரமமாக இருந்தால் மூன்றும் நான்குமாகக் குறைத்துக்கொள்ளலாம். முதல் ஒரு மாதம் மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகம் எதுவும் வேண்டாம்.

இரண்டாம் மாதத்திலிருந்து இதே அசைவுகளின் இறுதி நிலையில் இரண்டு மூன்று மூச்சு தங்கிப் பழகலாம், முழங்கால் மடித்து நின்றபடி குனியும் உத்தானாசனத்தைச் சேர்க்கலாம். சூரிய நமஸ்காரத்தை மட்டும் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். எல்லா இடத்திலும் முதல் பாடமாக அதையே வைக்கிறார்கள். ஆனால் அதன் 12 நிலைகளில் குனிதல், கை ஊன்றித் தாங்குதல், பின்வளைதல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வருகின்றன, ஒவ்வொன்றையும் தனியாகச் செய்யும் பலம் வராத உடல் அந்த வேகத்தில் கீழ்முதுகையும் மணிக்கட்டையும் விலையாகக் கொடுத்துத் தப்பிக்கும். வயிற்றை உள்ளே சொடுக்கி மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் அப்படித்தான்: ஹடயோக நூல்கள் அதைப் பிராணாயாமத்தில் சேர்க்காமல், உடலைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகளில் ஒன்றாக வைத்தன. தொலைக்காட்சியைப் பார்த்து அதை நூற்றுக்கணக்கில் அடிப்பது ரத்த அழுத்தமும் குடலிறக்கமும் உள்ளவர்களுக்கு ஆபத்து. சிரசாசனம் குறித்துச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது பதிவாகியிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் கண் பரிசோதனை செய்யாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆசிரியர் தேவையா என்றால், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் உங்களை நேரில் பார்ப்பது தேவை. காணொளியை நீங்கள் பார்க்க முடியும், காணொளி உங்களைப் பார்க்க முடியாது. நான் சொன்ன வங்கி ஊழியர் தம் மூச்சு நின்றதைத் தாமாக அறியவே இல்லை. நல்ல ஆசிரியரை அடையாளம் காண்பது கடினமில்லை. முதல் நாள் ஆசனம் எதையும் தொடங்கும் முன் உங்கள் வலி, மருந்து, வேலை, தூக்கம் பற்றிக் கேட்பார். முடியாத ஒன்றை முடியவில்லை என்று நீங்கள் சொன்னதும் மாற்று ஒன்றைத் தருவார். ஏன் என்று கேட்டால் கோபப்படாமல் காரணம் சொல்வார். கட்டணம் தடையாக இருந்தால், தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன, அங்கே இதற்கென்றே பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கடைசியாக உங்கள் அம்மா. தாராளமாகச் செய்யலாம், சொல்லப்போனால் அந்த வயதில் கிடைக்கும் பயன் உங்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம், ஏனென்றால் அந்த வயதில் பெரிய பயம் கீழே விழுவதுதான். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தரையில் உட்கார்ந்து எழுவது அவருக்குச் சிரமமென்றால் தரையை மறந்துவிடுங்கள். கைப்பிடி இல்லாத, நகராத, உறுதியான மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சாயும். அதில் முன்பக்கமாக உட்கார்ந்து, மூச்சோடு கை தூக்கி இறக்குவது, மூச்சை விட்டபடி தொடையின் மேல் மெதுவாக மடங்குவது, பிறகு எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு காலைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்த்தி மூன்று மூச்சு நிற்பது: ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். எலும்பு அடர்த்தி குறைந்து மெலியும் ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் முன்னோக்கி மடங்குவதையும் இடுப்பைத் திருகுவதையும் விட்டுவிடுங்கள், மற்றவை தொடரட்டும். எழும்போது தலைசுற்றல் வருபவராக இருந்தால் குனிந்து நிமிர்ந்த பிறகு உடனே எழாமல் நாலைந்து மூச்சு உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் நீங்களும் உங்கள் பயிற்சியை அதே நேரத்தில், அவருக்குப் பக்கத்தில், கை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.